ஒரு குத்துக்கு ஐந்து டப்பா

வெர்லின் ஸ்கேக்ஸின் முகத்தில் முதல் குத்து விட்டவன் நான்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது, இந்த ஹார்லோ கிரீக்கில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் குத்துக்காக அவன் மகளிடம் ஐந்து டப்பா குக்கி மாவு வாங்கினேன். அதில் மூன்று இன்னும் என் வீட்டு ஃப்ரீசரில் கிடக்கிறது. எடுத்துச் சுடட்டுமா என்று என் மனைவி கேட்டால் எரிந்து விழுகிறேன். பாவம், அவள் என்ன செய்வாள்!

வெர்லின் எப்பேர்ப்பட்ட ஆள் என்று சொன்னால்தான் மற்றது புரியும். அவன் அப்பன் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவன், பெல்ட்டைக் கழற்றினால் பிள்ளையின் முதுகில் தோல் கிழியாமல் திரும்ப இடுப்பில் கட்டமாட்டான். பதினாறு வயதில் வெர்லின் அந்த பெல்ட்டைப் பிடுங்கி அப்பனையே விளாசிவிட்டு வீட்டை விட்டு வெளியே வந்தான். அன்றைக்கே எங்கள் மர அறுவை மில்லில் சேர்ந்தான். ஆறடிக்கு மேல் உயரம். கை ஒவ்வொன்றும் ஒரு மண்வெட்டி அகலம். கென்டக்கி மலைப்பக்கத்தில் சண்டைக்காரனுக்குப் பஞ்சமில்லைதான், ஆனால் இவனைப் போல ஒருத்தனை நான் கண்டதில்லை. பேச்சு வருவதற்கு முன்னால் கை வந்துவிடும்.

என் முன்பற்கள் இரண்டு அவன் எடுத்தவை. அவன் பக்கத்து மலையில் நான் மான் சுட்டுவிட்டேன் என்று மில் வாசலிலேயே வைத்து ஒரே குத்து. மான் என் பக்கத்து மான்தான், இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். பர்ல் கோம்ஸின் தாடையைப் பள்ளிக்கூட ஃபுட்பால் ஆட்டத்தின்போது உடைத்தான். ஏதோ கிண்டல் செய்தானாம். பர்ல் ஆறு வாரம் உறிஞ்சுகுழல் வைத்துக் கஞ்சி குடித்தான்.

பெரியவர்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊரில் செப்டம்பர் பிறந்தால் பிள்ளைகள் கையில் ஆர்டர் தாளோடு கிளம்பிவிடும். சாரணர் பிள்ளைகள் பாப்கார்ன் விற்கும், சர்ச் பிள்ளைகள் மெழுகுவத்தி விற்கும், பேண்டு வாசிக்கும் பிள்ளைகள் சாக்லேட் விற்கும். பிள்ளைகள் எங்கே விற்கிறது, அப்பன் ஆத்தாள்தான் விற்கிறோம். வேலை செய்கிற இடத்து ஃபிரிட்ஜில் தாளை ஒட்டிவிட்டு, "என் பொண்ணுகிட்ட நீ வாங்கு, உன் பையன்கிட்ட நான் வாங்குறேன்" என்று பல்லைக் காட்டவேண்டும். யாருக்கும் பிடிக்காது. எல்லோரும் வாங்குவோம். வாங்காமல் இருந்தால் நாளைக்கு நம் பிள்ளையின் தாள் காலியாகத் தொங்கும்.

வெர்லின் இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கே வரவில்லை. வாசலில் எந்தப் பிள்ளை வந்து நின்றாலும் நாயை அவிழ்த்துவிடுவான். ஒருமுறை ஆர்லீன் மல்லின்ஸின் எட்டு வயதுப் பையன் சின்ன இழுவண்டியில் பாப்கார்ன் டின்களை ஏற்றிக்கொண்டு போய் நின்றான். வெர்லின் அந்த வண்டியை ஓடைக்குள் எட்டி உதைத்தான். பையன் நின்ற இடத்திலேயே கால்சட்டையை நனைத்துக்கொண்டான். நியாயம் கேட்கப் போன ஆர்லீனின் கார்க் கதவையும் உதைத்தே நசுக்கி அனுப்பினான்.

பிறகு அவன் மனைவி நோலா புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த மாதமே பெட்ரோல் பங்க்கில் ஒருத்தனைத் தரையில் போட்டு மிதித்தான். நான்கு மாதம் ஜெயில். அவன் மகள் மார்லா அந்த நான்கு மாதமும் பக்கத்து மாநிலமான இந்தியானாவில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். வெளியே வந்தபோது ஜட்ஜ் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். இன்னொரு தடவை உன் கை எவன் மேலாவது பட்டால் பெண் இந்தியானாவுக்குப் போகும், திரும்பி வராது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாவட்டக் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ப்ரூவிட் அம்மாள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவாள். பெரியம்மாக்காரி இந்தியானாவில் அறையைக்கூடத் தயாராக வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து வெர்லின் கையை பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டான். வேலை நேரம் போக, நடந்தாலும் நின்றாலும் கை உள்ளேதான். மில்லில் வம்புக்கு இழுத்துப் பார்த்தோம். தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். அந்த மகளுக்காக அவன் எதையும் விழுங்கத் தயாராக இருந்தான். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தோம்.

மார்லாவுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். அம்மா போன பிறகு அந்தப் பெண் வாயைத் திறந்து அப்பனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். லூயிவில் நகரத்தில் நடக்கிற போட்டிக்கு பேண்டோடு போகவேண்டும். அதற்கு ஒவ்வொரு பிள்ளையும் முப்பது டப்பா குக்கி மாவு விற்கவேண்டும்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் கூட்டம். என் பையனும் அதே பேண்டில் டிரம் அடிக்கிறான், அதனால் நானும் போயிருந்தேன். பெற்றோர் சங்கத் தலைவி யார் என்கிறீர்கள்? சாட்சாத் ஆர்லீன் மல்லின்ஸ். முப்பது என்று அவள் சொன்னதும் ஒரே இரைச்சல்.

"முப்பதா? போன வருஷம் இருபதுன்னு சொன்னீங்களே!"

"போன வருஷ மெழுகுவத்தியே இன்னும் என் வீட்டுல மூட்டையா இருக்கு. கரண்டு போனாத்தான் தீரும்."

"நாங்க பெத்தது புள்ளைங்களையா, சேல்ஸ்மேனையா?"

"விக்க முடியாதவங்க செக் எழுதிக் குடுத்துடுங்க" என்றாள் ஆர்லீன். "யாரையும் கட்டாயப்படுத்தல."

செக் எழுதுகிற நிலையில் இருப்பவன் எவன் அங்கே வந்து உட்காரப்போகிறான்? கடைசி வரிசையிலிருந்து வெர்லின் எழுந்தான். கை பாக்கெட்டில்.

"எனக்கு விக்கத் தெரியாதே" என்றான்.

"உன் வாசலுக்கு வந்த பசங்ககிட்ட கேட்டிருந்தா கத்துக் குடுத்திருப்பாங்களே, வெர்லின்" என்றாள் ஆர்லீன். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், பல்லில்லாத வாயோடு.

மறுநாள் மில்லில் சாப்பாட்டு இடத்து ஃபிரிட்ஜில் மார்லாவின் தாளை ஒட்டினான். நாலு நாள் அது வெறும் தாளாகத் தொங்கியது. ஐந்தாம் நாள் எவனோ முதல் வரியில் எழுதியிருந்தான்: "வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறேன், நாயைக் கட்டிப் போடு." வெர்லின் அதைப் படித்துவிட்டு, தாளைக் கிழியாமல் மெதுவாக எடுத்து மடித்துக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவன் பிக்கப் வண்டி என் வீட்டு முன்னால் வந்து நின்றது. மார்லா வண்டிக்குள்ளேயே இருந்தாள், காதில் பாட்டு. அவன் மட்டும் இறங்கி வந்தான்.

"டென்சில், ஒரு டப்பா வாங்கிக்கோ" என்றான். கெஞ்சத் தெரியாத குரல். ஏதோ மிரட்டுவதுபோலவே வந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருஷமாகச் சோளக்கதிரைக் கடிக்க முடியாதவன் நான்.

"ஒண்ணு என்னடா, அஞ்சே வாங்குறேன்" என்றேன். "ஆனா உன் மூஞ்சியில ஒரே ஒரு குத்து விடணும். சம்மதமா?"

சத்தியமாகச் சொல்கிறேன், அவனைக் கேவலப்படுத்தத்தான் சொன்னேன். திட்டிவிட்டுப் போவான் என்று நினைத்தேன். அவன் வண்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"இங்க வேணாம். கொட்டகைக்குப் பின்னாடி வா" என்றான்.

போனோம். பாக்கெட்டுக்குள் கையை ஆழமாகத் திணித்துக்கொண்டு நின்றான். "முகத்துலயா வயித்துலயா?" என்று கேட்டான், சட்டைக்கு அளவெடுக்கிறவன் மாதிரி. பலம் முழுவதையும் சேர்த்து வாயில் விட்டேன். தலை பின்னால் போய்க் கொட்டகைப் பலகையில் மோதியது. உதடு இரண்டாகப் பிளந்து முகவாயெல்லாம் ரத்தம். கை மட்டும் வெளியே வரவேயில்லை.

பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம்! எட்டு வருஷத்துக் குமைச்சல் என் விரல் முட்டி வழியாக இறங்கிப் போனது. அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு தாளையும் பேனாவையும் நீட்டினான். "பேரை எழுது. அஞ்சுன்னு போடு" என்றான். எழுதினேன்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? திங்கட்கிழமை காப்பி குடிக்கும்போது மில் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் என்ன, பகல் சாப்பாட்டு மணி அடித்தால் பலகை அடுக்குகளுக்குப் பின்னால் கூட்டம். இரண்டு டப்பாவுக்கு ஒரு குத்து என்று விலையும் இறங்கிவிட்டது. ஒருத்தன் வயிற்றில் விட்டான். வெர்லின் மண்டி போட்டு, தின்றதையெல்லாம் மரத்தூளில் கக்கினான். இன்னொருத்தன் காதைச் சேர்த்து அறைந்தான். அடுத்த நாள் அந்தப் பக்கம் கூப்பிட்டால் அவனுக்குக் கேட்கவில்லை. பர்ல் கோம்ஸ் வந்தான், விரலில் தடித்த மோதிரத்தோடு.

"மோதிரத்தைக் கழட்டுடா" என்று எவனோ சொன்னான்.

"என் தாடையை உடைச்சப்ப இவன் எதையாவது கழட்டினானா?" என்றான் பர்ல். அடி கண்ணுக்குக் கீழே விழுந்தது, சதை பிய்ந்து தொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற வெர்லின், "ரெண்டுன்னு போடு" என்று தாளை நீட்டினான்.

ஆர்லீன் மல்லின்ஸும் வந்தாள். மில்லுக்குள் பெண்பிள்ளை வருவதே அபூர்வம். "ஒரு டப்பா, என் பையன் பேர்ல" என்று சொல்லிவிட்டு ஓங்கி ஒரு அறை விட்டாள். அறைந்தவள் அங்கேயே நின்று அழ ஆரம்பித்துவிட்டாள். "அவன் ராத்திரியில படுக்கையை நனைச்சான்டா, ரெண்டு வருஷம்" என்றாள். "தெரியாது" என்றான் வெர்லின். அவளிடம் மட்டும், "மன்னிச்சிரு ஆர்லீன்" என்றான்.

மகளிடம் என்ன சொன்னான் என்கிறீர்களா? மரக்கட்டை உருண்டு முகத்தில் பட்டுவிட்டது என்று ஒரு நாள். பலகை தெறித்தது என்று மறுநாள். எனக்கு அதற்குள் மனசு கேட்கவில்லை. அவனிடம் தனியாகப் போய்ச் சொன்னேன்.

"வெர்லின், போதும்டா. வர்ற செவ்வாய்க்கிழமை அந்த ப்ரூவிட் அம்மா வருவா. இந்த மூஞ்சியைப் பாத்தா மறுபடி சண்டைக்குப் போயிட்டான்னு எழுதிடுவா. பொண்ணு போயிடுவாடா."

"தாள் குடுக்க வேண்டிய கடைசி நாளும் செவ்வாய்தான்" என்றான். "இன்னும் பத்து டப்பாதான் பாக்கி. நான் யாரையும் அடிக்கலயே, டென்சில். அடி வாங்கக் கூடாதுன்னு ஜட்ஜு எங்கயும் எழுதல."

"கேக்குறவங்க நம்பணுமேடா!"

"மரக்கட்டைன்னு சொல்றேன்" என்றான். அந்த முகத்தைப் பார்த்து மரக்கட்டை என்று யார் நம்புவார்கள்? ஒரு கண் முழுக்க மூடிக் கிடந்தது. விலா எலும்பில் ஏதோ உடைந்து, மூச்சை அரை அரையாக இழுத்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை பகல் மணி அடித்தது. பலகைக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். பாதிப் பேருக்கு அடிக்க மனசில்லை, சும்மா நின்றார்கள். பர்ல் மட்டும் முன்னால் வந்தான்.

"பத்து டப்பாவும் நானே எடுத்துக்கிறேன்" என்றான். "உன்னை அடிக்கல. நீ என்னை அடி."

பர்ல் தன் தாடையைத் தட்டிக் காட்டினான்.

"ஒரே ஒரு குத்து, வெர்லின். பத்து டப்பா. உன் பொண்ணு லூயிவில் போவா."

"அப்புறம் இந்தியானா போவா" என்றேன் நான். "பர்ல், இது அயோக்கியத்தனம்டா."

"ஆரம்பிச்சது யாரு, நீதானே?" என்று என்னைப் பார்த்தான். பர்ல் இன்னும் நெருங்கி வெர்லினின் முகத்துக்கு நேராகக் குனிந்தான். "என்னடா, கை செத்துப் போச்சா? நோலா உயிரோட இருந்தப்ப நல்லாத்தானே வேலை செஞ்சுது? அவ கன்னத்துல எத்தனை தடவை வேலை செஞ்சுதுன்னு ஊருக்கே தெரியுமே."

வெர்லினின் வலது கை பாக்கெட்டிலிருந்து வெளியே வந்தது. முட்டி மடங்கியது. பிடிக்கப் போன என்னைத் தோளாலேயே இடித்துத் தள்ளினான். பலகை அடுக்கில் போய் விழுந்தேன். கையை அவன் ஓங்கியும்விட்டான்.

"அப்பா! கையை உள்ள வை!"

மார்லா. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடை வழியாக ஓடிவந்திருக்கிறாள், கால்சட்டை முழங்கால் வரை ஈரம். எந்தப் பிள்ளையோ பள்ளிக்கூடத்தில் வைத்துச் சொல்லிவிட்டது. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கி பாக்கெட்டுக்குள் போனது. அந்த ஒரு நொடிக்குள் என் உயிர் போய் வந்தது.

அவள் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். என் பையனோடு எங்கள் வீட்டில் பான்கேக் சாப்பிட்டு வளர்ந்த பெண். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"எவ்வளவு ரேட்டு?" என்று கேட்டாள்.

"மார்லா, நீ ஸ்கூலுக்குப் போம்மா" என்றான் வெர்லின்.

"கேக்குறேன்ல? எவ்வளவு ரேட்டு?"

யாரோ முணுமுணுத்தார்கள், "ரெண்டு டப்பாவுக்கு ஒண்ணு."

அப்பனின் சட்டைப் பையிலிருந்து தாளையும் பேனாவையும் உருவினாள். கடைசி வரியில் தன் பேரை எழுதி இரண்டு என்று போட்டாள். அதை மடித்துத் தன் பையில் செருகிக்கொண்டாள். நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"எனக்குப் போட்டி வேணும்னு சொன்னேன். இது வேணும்னு சொன்னேனா?" என்றாள். "சொன்னேனா?"

குத்தினாள். அறை இல்லை, நகத்தால் பிறாண்டவில்லை, முட்டியை மடக்கி, தோளிலிருந்து வருகிற குத்து. ஸ்கேக்ஸ் வீட்டுக் குத்து. அவன் கன்ன எலும்பில் பட்டது. முகத்தில் எங்களிடம் எத்தனை குத்து வாங்கியும் விழாதவன் அதற்கு விழுந்தான். மரத்தூளில் உட்கார்ந்து, பாக்கெட்டிலிருந்து கையை எடுக்காமலே குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மார்லா எங்கள் பக்கம் திரும்பினாள். "கடை மூடியாச்சு. போங்க" என்றாள். போனார்கள். பர்ல்தான் முதலில் போனான். அந்தத் தாளை அவள் பள்ளிக்கூடத்தில் கடைசி நாள் தாண்டித்தான் கொடுத்தாள், மீதி எட்டு டப்பாவை விற்க யாரையும் விடவும் இல்லை. லூயிவில் பேருந்து அவள் இல்லாமல்தான் போனது.

வெர்லினுக்கு ஒரு கண் மூடிக் கிடந்தது, வண்டி ஓட்ட முடியாது. இருவரையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சமையலறையில் அவனை உட்காரவைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ப்ரூவிட் அம்மாளின் கார் வந்து நின்றது. வெர்லின் எழுந்து நிற்கப் பார்த்து முடியாமல் உட்கார்ந்தான்.

உள்ளே வந்த அம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த ஃபைலை மேசைமேல் வைத்தாள்.

"மிஸ்டர் ஸ்கேக்ஸ், கையைக் காட்டுங்க."

அவன் காட்டினான். இரண்டு கையையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். விரல் முட்டி ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தாள். பழைய தழும்புகள் இருந்தன. புதுசாக ஒரு கீறல் இல்லை.

"யார் அடிச்சா?"

"மரக்கட்டை, மேடம்" என்றான்.

"நான் உங்களைக் கேக்கல."

அறையில் இருந்தது நாலு பேர். வாயைத் திறக்க வேண்டியவன் நான். நான்தான் ஆரம்பித்தேன், ஊர் சேர்ந்து அடித்தோம், இவன் ஒரு கைகூட ஓங்கி அடிக்கவில்லை என்று நாலு வார்த்தை. சொன்னால் என் மேல் கேஸ் வரும். மில்லில் பாதிப் பேர் மேல் வரும். ரத்தத் துணியைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"நான்தான் அடிச்சேன்" என்றாள் மார்லா.

வலது கையை மேசைமேல் வைத்தாள். முட்டிகள் வீங்கிச் சிவந்து, ஒன்றில் தோல் உரிந்திருந்தது. ப்ரூவிட் அம்மாள் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள்.

"இவ்வளவுமா?"

"நான்தான் அடிச்சேன்" என்று மறுபடியும் சொன்னாள்.

"அப்பா திருப்பி அடிச்சாரா?"

"இல்ல."

"கையை ஓங்கினாரா?"

மார்லா அப்பனைப் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது.

"என் மேல எப்பவும் ஓங்கினதில்ல" என்றாள்.

அம்மாள் உட்கார்ந்து எழுதினாள். அடுத்த மாதம் முதல் செவ்வாய் வருகிறேன் என்றாள். அதைக் கேட்டதும் வெர்லின் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பெண் அவனோடுதான், இன்னும் ஒரு மாதம். எழுந்து வாசல் வரை போன அம்மாள் நின்று, என்னைப் பேனாவால் சுட்டினாள்.

"இவர் யாரு?"

நண்பன் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மார்லா முந்திக்கொண்டாள்.

"இவரா? எங்களோட முதல் கஸ்டமர்."